இருபத்து மூன்றில் இருப்பது யார்

எனக்கு யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் கிடையாது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ரயிலில் பக்கத்தில் இருப்பவள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் கை தானாகப் பைக்குப் போகும். வீட்டில் இதைக் குறையாகச் சொல்லிக் காட்டுவார்கள். நான் பார்க்கிற வேலைக்கு இந்தக் குணம் வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டரும் யாரையும் நம்பாது. பாஸ்வேர்டு கேட்கும், தப்பாக அடித்தால் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தும். அதனாலேயே அதற்கும் எனக்கும் ஒத்துப்போனது.

வேலை ராயபுரத்தில், துறைமுகச் சரக்கு ஏற்றும் ஒரு லாரி நிறுவனத்தில். பில் போடும் பெண்ணாகச் சேர்ந்தவள் நான். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மெதுவாக அங்கிருந்த எல்லா கம்ப்யூட்டருக்கும் வைத்தியச்சி ஆனேன். படித்தது பி.காம், மற்றதெல்லாம் வீடியோ பார்த்தும் முட்டி மோதியும் கற்றுக்கொண்டது. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. கல்லாப் பக்கம் ஒரு ஈயையும் அண்டவிடாதவர், அலுவலகச் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். "அந்தப் பிள்ளய நம்பலாம்" என்று போனில் யாரிடமோ அவர் சொன்னதை ஒருமுறை என் காதாலேயே கேட்டேன். ஒரு சந்தேகப் பிராணிக்கு இன்னொரு சந்தேகப் பிராணி கொடுத்த சான்றிதழ் அது. அன்று விம்கோ நகரில், கடலோரத்து எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் நெத்திலி கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினேன்.

அண்ணாச்சிக்கு ராசி எண் ஐந்து. லாரி நம்பரைக் கூட்டினால் ஐந்து வர வேண்டும், போன் நம்பரைக் கூட்டினால் ஐந்து வர வேண்டும். அப்படி ஒரு நம்பர் கிடைக்கும் வரை புது வண்டியை ரோட்டில் இறக்க மாட்டார். ஐந்திலும் இருபத்து மூன்று அவருக்கு உச்சம். அவருடைய முதல் லாரி அந்த எண்ணில்தான் முடிந்ததாம், அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்தாராம். தெருவில் வீட்டுக்கு வீடு எண் இருப்பதைப் போல, ஓர் இடத்தில் ஒயரால் இணைந்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் ஆளுக்கொரு முகவரி எண் கொடுக்க வேண்டும். எண்ணூர்க் கம்ப்யூட்டருக்கு நான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர், கடைசி எண் என்ன என்றார். பத்து என்றேன். "கூட்டினா ஒண்ணுல்லா வருது" என்று முகத்தைச் சுளித்தார். சம்பளம் கொடுக்கிறவரோடு எதற்கு வம்பு என்று இருபத்து மூன்றாக மாற்றிக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போய்விட்டார்.

அந்த எண்ணூர்க் கம்ப்யூட்டர் எங்கள் எடைமேடையில் இருந்தது. பழைய கன்டெய்னர் ஒன்றை ஜன்னல் அளவுக்கு வெட்டி, உள்ளே வெப்பம் தாங்க தெர்மாகோல் கூரை அடித்து அறையாக்கியிருந்தார்கள். வெளியே மேடையில் லாரி ஏறி நின்றால், உள்ளே கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டு வரும். வைரஸ் தொல்லை வேண்டாம் என்று அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது நான்தான். எல்லாம் சரி, எடைச் சீட்டு போடும் புரோகிராம் மட்டும் நினைத்தால் உறைந்து நின்றுவிடும். அதைத் தட்டி எழுப்ப நான் ராயபுரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் லாரிகள் ரோடு வரை நின்று, டிரைவர்கள் ஆரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள். சாம்பல் புழுதியில் முகமெல்லாம் வெளுத்து, இரண்டு வரி கட்டளை அடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

இந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் அந்த ஏற்பாட்டைத் தொடங்கினேன். ராயபுரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணூர்க் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்ப்பது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சர்வர் புரோகிராம் எப்போதும் விழித்திருந்து, வருகிறவள் யார் என்று கேட்டுக் கதவைத் திறக்க வேண்டும்.

முதல் முயற்சியில் 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. இந்தச் சொல் வந்தால் மனம் தளர வேண்டியதில்லை. தெருவைக் கண்டுபிடித்து வீட்டு வாசல் வரை போய்விட்டோம், கதவு திறக்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். போய்ப் பார்த்தால் சர்வர் புரோகிராமை ஏற்றியிருந்தேனே தவிர ஓடவிடவில்லை. ஓடவிட்டேன். அடுத்து 'நேரம் கடந்தது' என்று வந்தது. அது மோசம், தெருவிலேயே எவனோ குறுக்கே நிற்கிறான். அந்தக் கம்ப்யூட்டரின் காவல் சுவர் நான் வரும் வழியை அடைத்துவைத்திருந்தது. திறந்தேன். அப்புறம் மின்சாரம் போய் வந்த ஒரு நாள் மறுபடி மறுப்பு. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, சர்வரை எழுப்ப யாரும் சொல்லவில்லை. அதையும் சொல்லி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரயில் டிக்கெட்.

கடைசியில் ஒரு மதியம் ராயபுரத்திலிருந்து அடித்தபோது, எண்ணூர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. இந்த இயந்திரத்தின் கைரேகை இது, இதை நம்புகிறாயா, ஆம் அல்லது இல்லை என்று அடி. முதல் முறை மட்டும் கேட்கும். ஆம் என்றால் அந்தக் கைரேகையைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா என்று தானே சரிபார்க்கும். ஆம் என்று அடித்தேன். எடைமேடை என் திரையில் விரிந்தது. எடைமேடைக் கேபினில் இருந்தவனுக்குப் போன் செய்து, லாரி ஏதாவது ஏறுகிறதா என்று கேட்டேன். ஏறியது. எடை என் கண்முன்னே விழுந்தது.

கேபினில் இருந்தவன் முகத்துவாரக்குப்பத்துக்காரன், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். முகத்துவாரத்தில் மீன் இல்லை என்று அப்பாவின் ஃபைபர் படகை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தான். காலையில் மனைவி மீன் ஏலத்துக்குப் போவதால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவன் பொறுப்பு; அதனால் எப்போதும் மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்வான். அன்று என் திரையில் விழுந்த எடையை நான் போனில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். உடனே அவன் கேட்டான்.

"யக்கா, நான் இங்க குந்திகினு பண்றதெல்லாம் உனுக்கு அங்க தெரியுமா?"

திரையில் ஓடுவது மட்டும்தான் தெரியும். ஆனால் ஒருவன் அப்படிக் கேட்டால் எனக்குள் இருக்கும் போலீஸ்காரி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எதற்குக் கேட்கிறான்? மறைக்க ஒன்றும் இல்லாதவன் கேட்பானா? "எல்லாம் தெரியும்ப்பா" என்று சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நாள் நிம்மதி. புரோகிராம் உறைந்தால் இங்கிருந்தே தட்டி எழுப்பினேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவுகூடப் போட்டேன். திரும்பி வந்தபோது என் கீபோர்டு மேல் வெள்ளை வெள்ளையாகத் தூள் கிடந்தது. பெருக்குகிற அம்மாவைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஏ.சி. ரிப்பேருக்கு ஆள் வந்ததாகவும், தான் பெருக்கிவிட்டதாகவும் அவர் சொன்னார். பெருக்கின லட்சணம் இதுதானா என்று கேட்டுவிட்டு நானே துடைத்தேன்.

அந்த வாரம்தான் தொடங்கியது. மாலை, அலுவலகத்தை அடைக்கும் முன் எண்ணூருக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. அன்று கட்டளையை அடித்ததும் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்து நின்றது. எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ விஷமம் செய்துகொண்டிருக்கலாம், இந்த நொடியே உங்கள் பேச்சை நடுவில் ஒருவன் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில். கேட்க வேண்டுமா? நான் வருடக்கணக்காக உலகத்தைப் பார்த்துச் சொல்லிவந்ததை ஒரு கம்ப்யூட்டர் என் பக்கம் நின்று சொல்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் காலை அடித்தேன். ஒன்றுமே நடக்காதது போலப் பழைய கைரேகையோடு கதவு திறந்தது. மதியமும் திறந்தது. மாலையில் மறுபடி எச்சரிக்கை. அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போகப் பார்த்தால் என் பாஸ்வேர்டு செல்லாது என்றது. சில மாலைகளில் நுழைய முடிந்தது. நுழைந்த கொஞ்ச நேரத்தில் கை உதறியதுபோல் தொடர்பு அறுந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன், சர்வரை அழித்து மறுபடி ஏற்றினேன். காலையில் எல்லாம் ஒழுங்கு, மாலையில் விஷமம். மாலையில் அங்கே இருப்பது யார்? முகத்துவாரக்குப்பத்துக்காரன்.

சொல்லாமல் ஒருநாள் எண்ணூருக்குப் போய் இறங்கினேன். அவன் வெளியே லாரி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது, கம்ப்யூட்டர் திரையின் உச்சியில் இருக்கும் சின்னக் கேமரா. அதன் கண்ணை மூடி ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பெண்கள் நெற்றியில் வைக்கும் பொட்டு. அவன் மனைவியுடையதாகத்தான் இருக்கும். கையும் களவுமாக ஆள் சிக்கிய சந்தோஷம் எனக்கு. ஒன்றும் கேட்கவில்லை. நெட்வொர்க் ஒயரும் கம்ப்யூட்டரும் சேரும் இடத்தில் மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டு வந்தேன். ஒயரைப் பிடுங்கினால் டேப் கிழியும். அடுத்த முறை போனபோது டேப் அப்படியே இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் அவன் மேல் இருந்த சந்தேகத்தைப் பாதியாவது குறைத்திருப்பாள். டேப்பைப் பார்த்துவிட்டான், பிடுங்காமலே வேறு வழி கண்டுபிடித்திருக்கிறான், பலே கில்லாடி என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மழை மூட்டமான காலையில், கேபினில் முதல் ஷிப்டு பார்க்கும் பெரியவர் இருந்தபோதும் எச்சரிக்கை வந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இரண்டு பேரும் கூட்டு.

விஷயத்தை அண்ணாச்சியிடம் கொண்டுபோனது நான்தான். எச்சரிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒருவன் ஒட்டுக் கேட்கலாம் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தடவ வாசிம்மா."

வாசித்தேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று. வழக்கமாக நான் இரண்டு வாக்கியம் பேசினால் நான்கு கேள்வி கேட்பவர், அன்று ஒன்றுகூடக் கேட்காமல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, எண்ணூர் எடையில் கை வைக்கிறார்களோ என்று தனக்கும் ஓர் உறுத்தல் உண்டு என்றார். மாலை நேரத்து லோடு எல்லாம் கணக்கில் கொஞ்சம் இடிக்கிறதாம். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டதற்கு மனசில் படுகிறது என்றார். எனக்கு அது போதுமான ஆதாரமாகவே இருந்தது.

"அவன எடுத்துருவோமா? நீ ஒரு வார்த்த சொல்லு. சனிக்கிழமையோட அனுப்பிருதேன்."

இத்தனை நாள் சந்தேகப்பட்டதெல்லாம் இலவசம். இப்போதுதான் அதற்கு ஒரு விலை வந்தது, அதுவும் வேறொருவன் கட்டப்போகிற விலை. படகு விற்றாயிற்று. இந்த வேலையும் போனால் அவன் இன்னொருவர் படகில் கூலிக்குத்தான் ஏற வேண்டும். எடைமேடையில் திருடினான் என்று அண்ணாச்சி அனுப்பினால், அந்த ரோட்டில் வேறு எந்த லாரி யார்டும் அவனைச் சேர்க்காது; இந்தத் தொழிலில் பேச்சு லாரியைவிட வேகமாகப் போகும். அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அடையாளம் மாறுவது எப்படி என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட எனக்குப் பிடிக்காது. சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மதியம் எண்ணூரில் இறங்கியபோது வானம் மூடிக்கொண்டிருந்தது. அவன் ஷிப்டு தொடங்கியிருந்தது. கேபினில் குழல் விளக்கு எரிந்தது. என் லேப்டாப்பை வைஃபை வழியாக ரூட்டரோடு இணைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தொடாதே, நாற்காலியிலிருந்து எழுந்திரு என்றேன். குரலிலேயே அவனுக்குப் புரிந்திருக்கும். எழுந்து சுவர் ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எடை போட வந்த லாரிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.

வழியெல்லாம் ஒரே ஒரு சோதனையை யோசித்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ஒயரை நானே பிடுங்கிப் போட்டேன். இப்போது இருபத்து மூன்று என்ற வீட்டில் யாரும் இல்லை. லேப்டாப்பிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டால் பதில் வரக் கூடாது. கூப்பிட்டேன்.

பதில் வந்தது. ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று வந்துகொண்டே இருந்தது. பிடுங்கிய ஒயரின் நுனி என் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் என் கண்முன்னே துண்டாகி நிற்கிறது. அதன் பெயரில் வேறு யாரோ "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சுவரோரம் நின்றவனைப் பார்த்தேன். அவன் கைகள் இரண்டும் அக்குளில் இருந்தன. கம்ப்யூட்டர் பக்கம் அவன் பார்க்கவே இல்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, விளக்கை வேண்டுமானால் அணைக்கட்டுமா, லேப்டாப்பில் கண் கூசுகிறதா என்று கேட்டான். எதற்கு இப்போது விளக்கைப் பற்றிப் பேசுகிறான் என்று அதற்கும் ஒரு சந்தேகம். அணை என்றேன். சுவிட்சைத் தட்டினான்.

பதில் நின்றது.

போடு என்றேன். போட்டான். கொஞ்சம் தாமதித்து, தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருகிற நேரத்தில், மறுபடி பதில் வரத் தொடங்கியது. அணை என்றேன். நின்றது. இப்போது அவனும் அருகில் வந்து திரையைப் பார்த்தான். விளக்கு எரிந்தால் வருகிறான், அணைந்தால் போகிறான். மாலையில் மட்டும் விஷமம் நடந்ததும், அந்த மழைக்காலையில் நடந்ததும் அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டன. முகத்துவாரக்குப்பத்தானும் இல்லை, முதல் ஷிப்டுப் பெரியவரும் இல்லை. சுவிட்சு.

விளக்கின் ஒயர் மேலே தெர்மாகோல் கூரைக்குள் போனது. ரூட்டரைப் புழுதிக்குப் பயந்து உயரத்தில் ஆணியடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். டப்பாவைத் தூக்கியபோது அதிலிருந்தும் நான் போடாத ஓர் ஒயர் கூரைக்குள் போவதைக் கண்டேன். ஸ்டூல் மேல் ஏறி ஒரு தெர்மாகோல் பலகையைத் தள்ளச் சொன்னேன். அவன் தள்ளினான். வெள்ளைத் தூள் எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. உள்ளே கறுப்பாக ஒரு பெட்டி, கேமராப் படங்களைப் பதிவு செய்கிற பெட்டி. விளக்கின் ஒயரிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுத்திருந்தார்கள். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. பக்கத்தில் கூரையில் ஓட்டை போட்டு ஒரு குட்டிக் கேமராவைச் சொருகியிருந்தார்கள். அது நேராக அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் நிறுவனத்தில் வாங்கிய பொருளுக்கு நெற்றியில் பொட்டு வைக்கிற கை ஒன்றுதான். அந்தப் பெட்டிக்கு முகவரி எண் என்ன கொடுக்க என்று மாட்ட வந்தவன் கேட்டிருப்பான். அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிக்கவே தேவையில்லை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே எண்ணை எழுதிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி லினக்ஸ் உண்டு, அதற்கென்று ஒரு கைரேகையும் உண்டு. விளக்கு எரியும்போதெல்லாம் என் கட்டளை ஒரு நேரம் இந்த வீட்டுக்குப் போகும், ஒரு நேரம் அந்த வீட்டுக்குப் போகும். நடுவில் ஒருவன் இருக்கிறான் என்று எச்சரிக்கை சொன்னது பொய் இல்லை.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, தலையில் இருந்த தூளைத் தட்டினான். ஒரு நாள் தான் லீவில் இருந்தபோது ஃபேன் ரிப்பேர் என்று ஆள் வந்ததாகப் பெரியவர் சொன்னார், மறுநாள் மேசையெல்லாம் வெள்ளைத் தூள் என்றான். பிறகு திரை மேல் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே சொன்னான்.

"நீதான் அங்கேந்து பாத்துகினு கீறேன்னு நெனச்சேன்க்கா. நீயே சொன்னியே, எல்லாம் தெரியும்னு. சோறு துன்றதகூட வெளிய போயி துன்னுகினு இருந்தேன்."

நான் பாக்கலப்பா, எடை மட்டும்தான் தெரியும் என்றேன். சரி என்று தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வெளியே லாரிக்காரன் பொறுமை தீர்ந்து ஆரனை அமுக்கினான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் ஒயரைத் திரும்ப மாட்டினேன்.

அங்கேயே வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பெட்டியைப் பார்த்துவிட்டேன், தொல்லை கொடுத்தது அதுதான், இவன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். நான் கத்துவேன் என்று எனக்கே பயமாக இருந்தது, கத்தவில்லை. நான் எச்சரிக்கையை வாசித்தபோது, அவன் பெட்டியைக் கண்டுபிடித்து ஏதோ செய்துவிட்டான் என்றுதான் தான் பயந்ததாகச் சொன்னார். இத்தனை நாள் பதிவில் அவன் எடையில் கை வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் அவன் இருக்கட்டும் என்றேன். இருந்துட்டுப் போறான் என்றார். பெட்டியும் இருக்கட்டும், அதன் எண்ணை மட்டும் முப்பத்து இரண்டு என்று மாற்றிவிடு, அதுவும் கூட்டினால் ஐந்துதான் என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி, ஒரு மனுஷன் பிழைப்பு போயிருக்குமே என்றேன்.

"உங்கிட்ட சொன்னா அவங்காதுக்குப் போயிரும்லா. ரெண்டு பேரும் இந்தக் கடக்கரைக்காரங்கதானே" என்றார். சாதாரணமாக, லோடு கணக்கு சொல்கிற குரலில் சொன்னார்.

திரும்புகிற ரயிலில் அந்த வாக்கியம் என் கூடவே வந்தது. விம்கோ நகரில் இறங்கினால் வீடு. இறங்காமல் ராயபுரத்துக்கே போனேன். ஏன் போகிறேன் என்று ரயிலில் தெரியாது, அலுவலகப் படி ஏறும்போது தெரிந்தது. தலையைக் கோதியபோது கையில் எண்ணூர்த் தூள் ஒட்டியிருந்தது. அதே வெள்ளைத் தூளை நான் இதற்கு முன் என் கீபோர்டில் துடைத்திருக்கிறேன். இங்கேயும் ஏ.சி.க்காக அடித்த தெர்மாகோல் கூரைதான்.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த சாவியால் திறந்து, விளக்கைப் போட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ராயபுரத்தில் எல்லா கம்ப்யூட்டருக்கும் முகவரி கொடுத்தவள் நான். எல்லாம் நூறுக்கு மேற்பட்ட எண்கள். எண்ணூர் ஒரு தெரு, ராயபுரம் வேறு தெரு; இருபத்து மூன்று என்று இங்கே யாருக்கும் கொடுத்ததில்லை. ராயபுரத் தெருவின் அந்த எண்ணுக்குள் நுழையும் கட்டளையை அடித்தேன். 'நேரம் கடந்தது' என்று வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அடித்தேன்.

வரவில்லை. இந்த இயந்திரத்தின் கைரேகை இது, இதை நம்புகிறாயா, ஆம் அல்லது இல்லை என்று அடி எனத் திரை கேட்டது. மேலே பார்க்கவில்லை, பார்த்து அவருக்கு என் முகத்தைக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. ஒயரால் கட்டின அந்தத் தெருவில் நானும் ஒரு கடக்கரைக்காரி.

இல்லை என்று அடித்தேன். பிறகு அலுவலகச் சாவியை மேசையின் நடுவில், மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.